பைபோலார் இருந்தாலும் இன்னிக்கு இன்னிக்கா வாழறது எப்படி: நான் பண்ற முறை, ஸ்டெப் ஸ்டெப்பா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கே முழிப்பு வந்துருச்சு, ராத்திரி மழை பேஞ்சு விட்டிருந்தது, வாசல் தெளிச்சு கோலம் போடும்போது ஏதோ ஒரு பழைய பாட்டு வாய்ல வந்துச்சு, அதையே பாடிக்கிட்டு உள்ள வந்து காபிக்கு டிகாக்‌ஷன் எறக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னார். ஒன்னும் சொல்லல. கண்ணு மட்டும் பிரிட்ஜ் மேல இருக்கற மாத்திரை டப்பாவுக்குப் போயிட்டு திரும்புச்சு.

பாட்டு அதோட நின்னு போச்சு. நானும் மனசுக்குள்ள கணக்கு போட ஆரம்பிச்சிட்டேன். நேத்து எத்தன மணிக்கு படுத்தேன், எத்தன மணி நேரம் தூங்கினேன், நேத்து ஆபீஸ்ல பேச்சு ஜாஸ்தியா இருந்துச்சா, இந்த வாரம் ஏதாச்சும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டேனா... காபி ஆறிப்போச்சு. மூட் கொஞ்ச நாள் எல்லை மீறி ஏறி, கொஞ்ச நாள் ஒரேயடியா எறங்கற இந்த மன வியாதிக்கு பைபோலார்னு பேர் வெச்ச அப்புறம் நமக்கு வர்ற பெரிய தொல்லை இதுதாங்க. சோகமா இருந்தா "ஐயோ எறங்குதோ"ன்னு பயம், சந்தோஷமா இருந்தா "ஐயோ ஏறுதோ"ன்னு பயம், நடுவுல சாதாரணமா ஒரு நாள் கெடைச்சாலும் அத வாழாம அதுக்கு காவல் காத்துக்கிட்டே ஓட்டிடறோம்.

அதுக்காக "நாளையப் பத்தி நெனைக்காத, இந்த நிமிஷத்துல வாழு"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற உபதேசத்த அப்படியே எடுத்துக்காதீங்க. மேனியாவுல, அதாவது மூட் எல்லை மீறி ஏறின நேரத்துல, நான் முழுக்க முழுக்க இந்த நிமிஷத்துலதான் வாழ்ந்தேன். நாளைன்னு ஒன்னு இருக்கறதே தெரியல, அதுதானே வியாதியே! நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இன்னிக்குல வாழறதுன்னா, நாளைக்கு வேண்டிய பாதுகாப்ப மொதல்லயே செஞ்சு வெச்சுட்டு, அந்த வேலிக்குள்ள நிம்மதியா இன்னிக்க அனுபவிக்கறது. வேலி போடற வேலை கொஞ்சம் போர் அடிக்கும், ஆனா அத செய்யாம மனச அமைதிப்படுத்தற டெக்னிக் எதுவும் வேலைக்கு ஆகாது. அதனால இந்த வழிகாட்டில பாதி வேலிதான்.

நான் டாக்டர் இல்ல. திருச்சில ஒரு ஆபீஸ்ல டேலி போடறவ, வயசு 41. டோஸ் விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு, நான் எழுதினதப் பாத்து எதையும் கூட்டவோ கொறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

ஸ்டெப் 1: மாத்திரைய ஒரு கேள்வியா வெச்சுக்காதீங்க

எனக்கு மொத எபிசோட், அதாவது வியாதி கெளம்பி ஆட்டி வைக்கற கட்டம், பொண்ணு பொறந்த 12ஆம் நாள் வந்துச்சு. தூக்கமே இல்ல, ஆனா அசதியும் இல்ல, ராத்திரி மூனு மணிக்கு பீரோவுல இருக்கற புடவையெல்லாம் கலர் வாரியா அடுக்கிட்டு இருந்தேன். வீட்ல "பச்ச ஒடம்புக்காரி, காத்து கருப்பு அடிச்சிருச்சு"ன்னு மந்திரிச்சு தாயத்து கட்டினாங்க, அம்மா மனநோய் தீர வேண்டிக்கற குணசீலம் பெருமாள் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அம்மா மேல எனக்கு வருத்தம் இல்ல, இன்னிக்கும் நான் குணசீலம் போறவதான், சாமி கும்பிடறதும் மாத்திரை போடறதும் ஒன்னுக்கொன்னு எதிரி இல்ல. ஆனா பிரசவத்துக்கு அப்புறம் வர்ற வாரங்கள் பைபோலாருக்கு ரொம்ப ஆபத்தான காலம்னு அப்ப யாராச்சும் சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். வீட்ல பிள்ளை பெத்தவ தூங்காம துறுதுறுன்னு இருந்தான்னா அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, மண்டலம் கழியட்டும்னு காத்திருக்காதீங்க.

நான் சாப்பிடறது லித்தியம். அது ஒரு உப்புங்க, ஆய்வகத்துல புதுசா கண்டுபுடிச்ச பெரிய ரசாயனம் எல்லாம் இல்ல. ஜான் கேட்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் 1949ல மேனியாவுக்கு அது வேலை செய்யுதுன்னு எழுதினார், இன்னி வரைக்கும் அதான் முன் வரிசைல நிக்குது. தற்கொலை ஆபத்த கொறைக்கறதுலயும் அதுக்கு நல்ல பேர் இருக்கு. ஆனா வேலை செய்யற அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் நடுவுல இடைவெளி கம்மி. ரத்தத்துல பொதுவா லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோலுக்குள்ள வெச்சிருப்பாங்க, 1.5 தாண்டினா விஷத்தன்மை ஆரம்பிக்கலாம். அதனால லித்தியம் எடுக்கறவங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது:

லெவல் டெஸ்டுக்கு ரத்தம் கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும். நான் ராத்திரி ஒன்பதுக்கு போடுவேன், காலைல ஒன்பதுக்கு லேப்ல நிப்பேன், டெஸ்ட் முடியற வரைக்கும் காலை டோஸ் இருந்தா போடக்கூடாது. ஒரு தடவ லேப்ல கூட்டம்னு மதியம் போய் கொடுத்தேன், லெவல் கம்மியா காட்டி டோஸ ஏத்தற வரைக்கும் பேச்சு போயிருச்சு. கூடவே தைராய்டும் கிட்னியும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்.

தலைவலி, முட்டி வலின்னா மெடிக்கல்ல கேட்டு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கி முழுங்காதீங்க, லித்தியம் லெவல் ஏறிடும். சில பிபி மாத்திரையும், உப்பு நீர் போக வைக்கற மாத்திரையும் அப்படித்தான். எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல்லு டாக்டரா இருந்தாலும் சரி, "நான் லித்தியம் எடுக்கறேன்"ன்னு மொத வாக்கியமா சொல்லிடுங்க.

வெயில் காலம். எங்க ஊர் மே மாசத்துல வேர்வை அருவியா கொட்டும், தண்ணியும் உப்பும் ஒடம்புல கொறைஞ்சா லெவல் எகிறும். பேதி வாந்தி வந்தாலும் அதே கதை. கை சும்மா லேசா நடுங்கறது பழகிரும், ஆனா நடுக்கம் பெருசாகி, நாக்கு குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் வந்துச்சுன்னா அடுத்த டோஸ் போடாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

வேற மாத்திரை எடுக்கறவங்களுக்கு ரெண்டே வரி. வால்புரோயேட் எடுக்கற பொண்ணுங்க கர்ப்பத்துக்கு பிளான் இருந்தா அதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசியாகணும், வயித்துப் பிள்ளைய பாதிக்கும். லமோட்ரிஜின் எடுக்கறவங்களுக்கு ஒடம்புல தடிப்பு வந்தா அன்னிக்கே போன் பண்ணணும், சில நாள் விட்டுப்போச்சுன்னா பழைய டோஸ்லயே மறுபடி நீங்களா ஆரம்பிக்கக் கூடாது.

சரி, இதுக்கும் இன்னிக்குல வாழறதுக்கும் என்ன சம்பந்தம்? மாத்திரை போடலாமா வேணாமான்னு தெனமும் மனசுக்குள்ள பட்டிமன்றம் நடந்தா பாதி நாள் அதுலயே போயிரும். நான் பத்து வருஷம் முன்னாடி அந்தக் கேள்விய மூடிட்டேன். வாரத்துக்கான டப்பாவ ஞாயித்துக்கிழமை ராத்திரி நிரப்புவேன், ஃபாயில கிழிக்கற அந்த பட் பட் சத்தத்த கேட்டுக்கிட்டே. அவ்ளோதான், மீதி ஆறு நாள் அதப் பத்தி யோசிக்கறது இல்ல.

ஸ்டெப் 2: அஞ்சு நேரத்த புடிச்சுக்குங்க

அமெரிக்காவுல எலன் ஃபிராங்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட், பைபோலார் இருக்கறவங்களோட ஒடம்புக் கடிகாரம் சீக்கிரம் கலையும், தெனசரி ஒழுங்கு கலைஞ்சா மூடும் கலையும்னு வெச்சு ஒரு தெரபியே உருவாக்கினாங்க. அதுல கவனிக்கச் சொல்ற நேரம் அஞ்சு: படுக்கைய விட்டு எழுந்திரிக்கற நேரம், மொத மனுஷ முகத்தப் பாத்து பேசற நேரம், வேலை ஆரம்பிக்கற நேரம், ராத்திரி சாப்பாடு, படுக்கற நேரம். இத மட்டும் ஏறக்கொறைய ஒரே நேரத்துல வெச்சுக்குங்க. மத்ததெல்லாம் எப்படி வேணா போகட்டும்.

எனக்கு இது 5.45, 6.15, 9.30, 8, 10. இந்த 6.15 இருக்கு பாருங்க, அத்தைக்கு காபி கொண்டு போய் கொடுக்கற நேரம். "ஏம்மா, இன்னிக்கு ஆபீஸ் இருக்கா?"ன்னு கேப்பாங்க. செவ்வாக்கிழமைக்கும் அதே கேள்விதான். ஆரம்பத்துல எரிச்சலா வரும், இப்ப அந்தக் கேள்வி வரலன்னாதான் நாள் ஆரம்பிச்ச மாதிரியே இல்ல.

ராத்திரி தூக்கம்தான் எல்லாத்துக்கும் மேல. ஒரே ஒரு ராத்திரி முழிச்சா போதும், சிலருக்கு மேனியா கெளம்பிரும். அதனால நைட் ஷிப்ட் வேலைல இருக்கறவங்க டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி பகல் ஷிப்ட் கேளுங்க, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மனநோயும் சேரும், உரிமையா கேக்கலாம். என் அனுபவத்துல, முழுக் காரணமும் சொல்லாம "தூக்கம் சம்பந்தமான மருத்துவப் பிரச்சனை"ன்னு சொன்னாலே பாதி இடத்துல போதுமானதா இருந்துச்சு.

ஸ்ரீரங்கம் பக்கத்துல இருக்கறதால எனக்கு இன்னொரு சோதனை வைகுண்ட ஏகாதசி. பட்டினியும் கண் விழிப்பும் ஒன்னா வர்ற நாள்! பட்டினி, அதுலயும் தண்ணி குடிக்காத பட்டினி, லித்தியத்துக்கு ஆகாது, கண் விழிப்பு மூடுக்கு ஆகாது. நான் பலகாரம் சாப்பிட்டு, நல்லா தண்ணி குடிச்சு, பத்து மணிக்கு படுத்துருவேன். சொர்க்கவாசல் தெறக்கறத டிவில பாப்பேன். பெருமாள் கோச்சுக்க மாட்டார். சிவராத்திரிக்கும் இதே சட்டம்தான்.

ஸ்டெப் 3: ரெண்டு நிமிஷக் கணக்கு, அதுக்கு மேல வேணாம்

மூட் சார்ட் போடுங்கன்னு எல்லா டாக்டரும் சொல்வாங்க. ஆப் நெறைய இருக்கு, நானும் போட்டுப் பாத்தேன், கடைசில ஒரு நாளைக்கு பத்து தடவ அத தெறந்து தெறந்து என்னையே சோதிச்சுக்கிட்டு இருந்தேன், அது காவல் காக்கற வியாதிக்கு தீனி போட்ட கதையா போச்சு. இப்ப என் சார்ட் தினசரி காலண்டர்தான். ராத்திரி படுக்கப் போறப்ப அன்னிக்கு தாள கிழிச்சு பின்னாடி மூனே மூனு எழுதுவேன்: தூங்கின மணி, மூடுக்கு ஒரு நம்பர், மாத்திரை போட்டாச்சுன்னு ஒரு டிக். நம்பர் மைனஸ் 5ல இருந்து பிளஸ் 5 வரைக்கும், பூஜ்யம்னா சமநிலை. வேணும்னா ஒரு வார்த்தை சேத்துப்பேன்: "தம்பிகூட சண்டை", "பீரியட்ஸ்", "ஜுரம்". தாளையெல்லாம் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சு டாக்டர்கிட்ட கொண்டு போவேன். தாளோட முன்பக்கம் சந்திராஷ்டமம் யாருக்குன்னு போட்டிருக்கும், அத்தை அத வெச்சு என் மூட் எப்படின்னு கணிப்பாங்க, நான் பின்பக்கத்த வெச்சு கணிப்பேன், சில மாசம் ரெண்டு பேரும் ஒத்துப் போறோம்னு வைங்க.

எழுதி முடிச்சா அவ்ளோதான். அடுத்த நாள் ராத்திரி வரைக்கும் மூட் எப்படின்னு அளக்கக் கூடாது. அளக்கறதுக்கு ஒரு நேரம் ஒதுக்கிட்டா மத்த நேரத்துல "இப்ப எப்படி இருக்கேன்"ங்கற கேள்வி வந்தா "ராத்திரி பாத்துக்கலாம், போ"ன்னு அனுப்பிடலாம். இந்தப் பழக்கம் வர எனக்கு ஏறக்கொறைய ஒரு வருஷம் ஆச்சு.

ஸ்டெப் 4: இது சந்தோஷமா, ஏத்தமா?

எல்லாரும் கேக்கற கேள்வி. மொதல்ல ஒன்னு, ஒரு நாள் நல்ல மூட் யாருக்கும் எபிசோட் கெடையாது. டாக்டருங்க வெச்சிருக்கற அளவுகோல்படி ஹைப்போமேனியான்னு, அதாவது மேனியா அளவுக்கு முத்தாத ஏத்தம்னு, சொல்லவே குறைஞ்சது நாலு நாள் தொடர்ச்சியா இருக்கணும், மேனியான்னா ஒரு வாரம், இல்லன்னா ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்கு முத்தியிருக்கணும். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டு பாடினதுக்கு பயப்பட வேண்டியதில்ல. ஆனா நாலு நாள் ஆகட்டும்னு கைய கட்டிட்டு உக்காந்திருக்கவும் முடியாது இல்லையா, அதனால எனக்குன்னு ஒரு சோதனை வெச்சிருக்கேன்.

சந்தோஷம்னா தூக்கம் வரும். கல்யாண வீட்ல ஆடிட்டு வந்து படுத்தா ஒடம்பு வலிச்சு தூங்கிப்போவோம்ல, அது சந்தோஷம். ஏத்தத்துல நாலு மணி நேரம் தூங்கிட்டு அசதியே இல்லாம எழுந்திரிப்போம், அதுவும் "எனக்கு தூக்கமே தேவை இல்ல"ங்கற பெருமையோட. சந்தோஷத்துல அடுத்தவங்க பேசறது காதுல விழும், ஏத்தத்துல எல்லாரும் ரொம்ப மெதுவா பேசற மாதிரி இருக்கும், எப்படா முடிப்பாங்கன்னு எரிச்சல் வரும். இந்த எரிச்சல நெறைய பேர் கவனிக்கறதில்ல, மேனியான்னா சிரிப்பு கும்மாளம்னு நெனச்சுக்கறாங்க, எனக்கு மொதல்ல வர்றது கோவம்தான். அப்புறம் பணம், அத தனியா சொல்றேன். அப்புறம் எனக்கே எனக்குன்னு ஒரு அறிகுறி இருக்கு: லிப்ஸ்டிக். சாதாரணமா நான் போடறதே இல்ல. ஆபீசுக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு கெளம்பினா ரெண்டு மூனு நாள்ல ஏறப்போகுதுன்னு வீட்டுக்காரருக்கு தெரியும். உங்களுக்கும் இப்படி சின்னதா ஒன்னு இருக்கும், வீட்ல கேட்டுப் பாருங்க, நம்மள விட அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கும்.

என் சட்டம்: அசதி இல்லாத குட்டித் தூக்கம் ரெண்டு ராத்திரி வரிசையா வந்தா மூனாவது நாள் காலைல டாக்டருக்கு போன். யோசிக்கறதே இல்ல. அந்த சட்டம் இருக்கறதாலதான் மத்த நாள்ல பாட்டு பாட தைரியம் வருது.

ஸ்டெப் 5: காசுக்கு பூட்டு

எங்க வீட்டு மாடிப்படிக்கு கீழ ஒரு டில்டிங் கிரைண்டர் இருக்கு, பத்து லிட்டர், கோயமுத்தூர் சரக்கு. மூனு இருந்துச்சு. 2015ல எனக்கு கடும் டிப்ரஷன், காட்டின இடத்துல பைபோலார்னு புடிபடாம வெறும் டிப்ரஷன் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தாங்க, பைபோலார் இருக்கறவங்களுக்கு அது தனியா போனா மேல தூக்கி விட்றலாம். எனக்கு தூக்கி விட்டுச்சு. அஞ்சு வாரத்துல நான் திருச்சிக்கே இட்லி மாவு சப்ளை பண்ணப் போறேன்னு முடிவு பண்ணி, தாலிச்செயின அடகு வெச்சு, மூனு கிரைண்டர் எறக்கிட்டேன். கடைக்காரர் "மொதல்ல ஒன்னு வாங்கி ஓட்டிப் பாருங்கம்மா"ன்னார். அவர்கிட்ட "உங்களுக்கு பெருசா யோசிக்கத் தெரியல"ன்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்ட பாதி விலைக்கு வித்தோம், செயின மீட்க ரெண்டரை வருஷம் ஆச்சு.

இப்ப எங்க வீட்ல இருக்கற ஏற்பாடு: ரெண்டாயிரத்துக்கு மேல எதுவா இருந்தாலும் ரெண்டு ராத்திரி தூங்கி எழுந்திரிச்சுதான் வாங்கறது. போன்ல பணம் அனுப்பற ஆப்ல ஒரு நாளைக்கு லிமிட் போட்டிருக்கேன். கிரெடிட் கார்ட் இல்ல. நகை லாக்கர்ல, லாக்கர் சாவி தம்பிகிட்ட. இது எல்லாத்தையும் நான் நல்லா இருக்கறப்ப நானே பண்ணேன், யாரும் என் கைல இருந்து புடுங்கல, அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். உங்க வீட்ல யாருக்காச்சும் பைபோலார் இருந்தா அவங்கள கேக்காம ஏடிஎம் கார்ட எடுத்து ஒளிச்சு வெக்காதீங்க, அந்த அவமானம் மாத்திரையில சரியாகாது.

வேலைய ராஜினாமா பண்றது, கல்யாணம் கேக்கறது, டைவர்ஸ் கேக்கறது, சொந்தக்காரங்க குரூப்ல நீளமா உண்மை பேசறது எல்லாத்துக்கும் இதே ரெண்டு ராத்திரி.

ஸ்டெப் 6: கண்ணத் தெறந்துக்கிட்டு, கையால

இப்பதான் நீங்க எதிர்பாத்த மனசு சமாச்சாரம். மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இப்ப நடக்கறத மட்டும் கவனிச்சு இருக்கறது, அந்த அடிப்படையில ஒரு தெரபி டிப்ரஷன் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்காக வந்துச்சு, பைபோலார்லயும் பதட்டத்துக்கும் சோகத்துக்கும் கொஞ்சம் உதவுதுன்னு ஆராய்ச்சி இருக்கு, ஆனா எபிசோட் மறுபடி வராம தடுக்கும்னு நிரூபணம் ஆகல. மாத்திரைக்கு பதிலா இதுன்னு யாராச்சும் வித்தா எழுந்து வந்துருங்க. இன்னொன்னு, பத்து நாள் பேசாம காலைல நாலு மணிக்கு எழுந்து நாள் பூரா உக்கார வைக்கற தியான முகாம் எல்லாம் நமக்கு வேணாம். நீண்ட தியானத்துக்கு அப்புறம் மேனியா கெளம்பின கேஸ்கள் மருத்துவ இதழ்கள்லயே வந்திருக்கு. தூக்கமும் கொறையும், மூளையும் உள்ளயே சுத்தும், அந்தக் கூட்டணி ஆபத்து.

நான் பண்றது மூனு நிமிஷம், கண்ண மூடாம, கைக்கு ஏதாச்சும் வேலை கொடுத்துக்கிட்டு. கண்ண மூடினா எனக்கு எண்ணம்தான் ஓடும். அதனால கீரை ஆயறப்ப, துணி மடிக்கறப்ப, முக்கியமா ஞாயித்துக்கிழமை அந்த கிரைண்டர்ல மாவு ஆட்டறப்ப. உளுந்து பொங்கி வர்றப்ப கைய விட்டு தள்ளி விடணும்ல, அந்த குளுமை, விரலுக்கு நடுவுல வழவழப்பு, கல்லு சுத்தற ஒரே மாதிரி சத்தம், நொடிக்கு நொடி மாவு இன்னும் கொஞ்சம் லேசாகும், ஒரு சொட்ட எடுத்து தண்ணில போட்டா மெதக்குதான்னு பாக்கறது. மனசு எங்கயாச்சும் போச்சுன்னா, நிச்சயம் போகும், செயின் அடகுக்குதான் போகும், "சரி, போயிட்ட"ன்னு சொல்லி திரும்ப கைக்கு வர்றது. திட்டறது கெடையாது. அம்புட்டுதான் பயிற்சி. மெஷின் ஏன் வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு, ஆனா இன்னிக்கு அது வெறும் மாவாட்டற மெஷின், அரை மணி நேரத்துல நாலு நாளைக்கு இட்லி.

ஏறிட்டு இருக்கறப்ப இந்தப் பயிற்சி வேற மாதிரி பண்ணணும். அப்ப எல்லா கலரும் பளிச்சுன்னு, எல்லா சத்தமும் அர்த்தத்தோட இருக்கற மாதிரி தோணும், அதுல போய் புலன்கள கூர்மையாக்கினா நெருப்புல எண்ணெய். அப்ப லைட்ட கொறைச்சு, செல்போன வேற ரூம்ல போட்டு, பேசாம படுத்துக் கெடக்கறதுதான் பயிற்சி.

ஸ்டெப் 7: எறங்கின நாள்

டிப்ரஷன்ல இந்த நிமிஷத்துல இருன்னு சொன்னா சிரிப்புதான் வரும், இந்த நிமிஷம்தானே தாங்க முடியல. அப்ப நான் நிமிஷத்த இன்னும் சின்னதா நறுக்குவேன். குளிக்கறது பெரிய வேலை, அதனால எழுந்து உக்காரறது ஒரு வேலை, காலத் தரைல வைக்கறது ஒரு வேலை, பாத்ரூம் லைட்ட போடறது ஒரு வேலை. பல்லு தேச்சிட்டு மறுபடி வந்து படுத்தாலும் பல்லு தேச்சாச்சு. அஞ்சு நேரத்துல எழுந்திரிக்கற நேரத்த மட்டும் விடாம புடிச்சுக்குவேன். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேணாம், ராத்திரி தூக்கத்த தின்னுரும். ரெண்டு வாரம் தாண்டியும் மூட் தேறல, இல்ல வேலைக்கே போக முடியலன்னா டாக்டர்.

சாகணும்ங்கற எண்ணம் வந்துச்சுன்னா அது வியாதியோட ஒரு அறிகுறி, கை நடுக்கம் மாதிரி, அத யார்கிட்டயாச்சும் வாய் விட்டு சொல்லியாகணும். 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. சென்னை ஸ்நேகா 044-24640050. போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயந்து மறைக்காதீங்க, 2017 மனநலச் சட்டம் வந்த அப்புறம், முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கறதுக்கு இல்ல. என் மாத்திரை ஸ்டாக் ஒரு வாரத்துக்கு மேல என் கைல இருக்காது, மீதி வீட்டுக்காரர்கிட்ட. நல்லா இருக்கற மாசத்துலயும் அப்படித்தான்.

ஸ்டெப் 8: நேத்து பண்ணதுக்கு

எபிசோட் முடிஞ்சு தெளிஞ்ச அப்புறம் வர்ற கூச்சம் இருக்கே, அதான் ஆள இன்னிக்குல இருக்க விடாது. யார்கிட்ட என்ன பேசினேன், எவ்ளோ கடன், பக்கத்து வீட்டுக்காரம்மா முன்னாடி எப்படி நின்னேன்... நான் ஒரு நோட்டுல ரெண்டு பக்கமா எழுதினேன். ஒரு பக்கம் சரி பண்ண முடிஞ்சது: கடன், மன்னிப்பு. இன்னொரு பக்கம் முடியாதது. சரி பண்ண முடிஞ்சதுல மாசம் ஒன்னு, நல்லா இருக்கற மாசத்துல மட்டும். கிரைண்டர் கடைக்காரர்கிட்ட போய் சொன்னப்ப அவருக்கு என்னை ஞாபகமே இல்ல! நான் நாலு வருஷமா அந்தக் கடை இருக்கற தெருவுக்கே போகாம சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சுத்திப் போயிட்டு இருந்தேன்.

ஸ்டெப் 9: வீட்டோட ஒரு ஒப்பந்தம்

"மாத்திரை போட்டியா?" இந்த ஒரு கேள்விக்கு எங்க வீட்ல தடை. ஏன்னா அது கேள்வியா வர்றதில்ல, நான் கோவப்பட்டா, அழுதா, சத்தமா சிரிச்சா, எல்லாத்துக்கும் பதிலா வரும். நியாயமான கோவமும் எனக்கு வரும்ல? அதுக்கு பதிலா அவர் சொல்ல வேண்டிய வாக்கியத்த நானே எழுதிக் கொடுத்தேன்: "ரெண்டு நாளா நீ தூங்கினது கம்மி மாதிரி தெரியுது, டாக்டருக்கு போன் பண்ணலாமா?" பாத்தத சொல்லணும், பட்டம் கட்டக் கூடாது. அந்த வாக்கியம் வந்தா நான் சண்டை போடாம போன் பண்ணணும், அது என் பக்க ஒப்பந்தம்.

எழுத்துல வெக்கணும்னா 2017 சட்டத்துலயே வழி இருக்கு: நான் முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனா எனக்கு என்ன சிகிச்சை வேணும், எது வேணாம், என் சார்பா யார் பேசணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நான் தம்பி பேர போட்டேன். வீட்டுக்காரருக்கு மொதல்ல கொஞ்சம் வருத்தம், அப்புறம் நான் மேனியாவுல மொதல்ல சண்டை போடறது அவர்கிட்டதான்னு ஞாபகப்படுத்தினேன், "அதுவும் சரிதான்"ன்னுட்டார்.

அந்த ஞாயித்துக்கிழமையும் நான் கேட்டேன். "ஏங்க, அந்த டப்பாவ பாத்தீங்கல்ல?" "பாத்தேன்." "ஏழு மணி நேரம் தூங்கியிருக்கேன்." "சரி, அப்ப பாடு"ன்னுட்டு பேப்பர் எடுக்கப் போயிட்டார். பாட்டு திரும்ப வரல, ஆனா வேற காபி போட்டுக் குடிச்சோம்.

ஸ்டெப் 10: கல்யாணம், ஊருக்குப் போறது

நம்ம ஊர்ல எபிசோட் கெளப்பறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கறது கல்யாணம்தான். விடியக்கால முகூர்த்தம், மொத நாள் ராத்திரி ரிசப்ஷன், சத்தம், லைட், சொந்தக்காரங்க, காசு செலவு, நடுவுல "ஒரு நாளைக்கு மாத்திரை போடலன்னா என்ன"ன்னு கேக்கறதுக்கு ஒரு சித்தி. நான் மண்டபத்துக்கு பக்கத்துலயே லாட்ஜ்ல ஒரு ரூம் போட்டுருவேன், செலவு பாத்தா கிரைண்டர ஞாபகப்படுத்திக்குவேன். பத்து மணிக்கு கெளம்பிருவேன். "பிபி மாத்திரை போட்டு படுக்கணும்"னு சொன்னா யாரும் மறு கேள்வி கேக்கறதில்ல, பிபிக்கு இருக்கற மரியாதை நம்ம வியாதிக்கு இன்னும் வரல. மாத்திரைய ரெண்டு பங்கா பிரிச்சு ஒன்னு ஹேண்ட்பேக்ல, ஒன்னு பெட்டில, டாக்டர் சீட்ட போட்டோ புடிச்சு போன்ல. ராத்திரி பஸ்ஸுல போகாம பகல் டிரெயின், அதுலயும் ஜன்னல் சீட்டு கெடைச்சா பாதிப் பயணம் வெளிய பாத்துக்கிட்டே ஓடிரும். முகூர்த்தம் நாலரைக்குன்னா முந்தின ராத்திரி எட்டரைக்கே படுத்துருவேன், திரும்பி வந்த அப்புறம் ரெண்டு நாள் எந்த வேலையும் புதுசா ஒத்துக்கறதில்ல, காலண்டர் தாள்ல தூக்கம் பழைய கணக்குக்கு வந்த அப்புறம்தான்.